நாற்பது வீட்டுக் கையெழுத்து

வைத்திக்குப்பம்,
புதுச்சேரி.
14-10-2007, ஞாயிறு.

அன்புள்ள மகன் கமலக்கண்ணனுக்கு அம்மா அங்கம்மாள் எழுதுவது. என் இடது முட்டியைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் நல்லபடி இருக்கிறது, உன் அப்பா வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்கு என்னோடு சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். அதுபோலவே அந்தப் பிரான்சுக் குளிரில் நீயும் மருமகள் சங்கவியும் பேரன் ஆகாஷும் சளி இருமல் அண்டாமல் இருக்க நம் குப்பத்து மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் ஒரு காதில் என்னையும் ஒரு காதில் டிவியையும் வைத்துக்கொண்டு சரிம்மா சரிம்மா என்பாய், எனக்குத் தெரியாதா. இந்தச் சேதியை நீ உட்கார்ந்து படிக்க வேண்டும். மூன்றாவது வகுப்போடு நின்றவள் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், காலையிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

சேதி இதுதான். உன் தங்கை சுமலதா வீடு மதிப்புப் போடுகிற வேல்யுவர் பரீட்சைக்கு உட்காரத் தகுதி உள்ளவள் என்று சென்னையிலிருந்து காகிதம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றே காலுக்குப் போஸ்ட்மேன் கொண்டுவந்தார், ரிஜிஸ்டர் தபால், கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். அவள் போட்டோவை ஒட்டி, பாதி போட்டோவிலும் பாதி காகிதத்திலும் படுகிற மாதிரி முத்திரை குத்தி, நம்பர் போட்டு வந்திருக்கிறது. டிசம்பர் ஒன்பதாம் தேதி பரீட்சை. இன்னும் எழுதவே இல்லை, பாஸாகவில்லை, அதற்குள் இந்தக் கிழவிக்கு என்ன ஆட்டம் என்று நினைக்காதே. எழுதுவது அவளுக்குப் பெரிய காரியம் இல்லை, எழுத உட்கார விடுவார்களா என்பதுதான் ஒரு மாதமாக இங்கே போராட்டம். அதில் ஜெயித்தாகிவிட்டது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போன மாட்டுப்பொங்கல் அன்று சாயங்காலம் நீ போன் பண்ணினாய், மருமகள் வகையில் வந்த வரனை இவள் வேண்டாம் என்று சொன்ன கோபத்தில், "மீன் விக்கிற ஊட்டுல இருந்துகிட்டு வேல்யுவர் பரீட்சையா, அதெல்லாம் ஆவுற காரியமா" என்று கேட்டாய். நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. ஆகிவிட்டது கண்ணா, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று நீ ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை, அதனால் எழுதுகிறேன். ஒருவர் வீட்டின் பேரில் பேங்கில் கடன் கேட்டால் அந்த வீடு எவ்வளவு பெறும் என்று ஒரு ஆள் நேரில் போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். சுவரை அளந்து, தளத்தைத் தட்டிப் பார்த்து, ஓதம் ஏறியிருக்கிறதா விரிசல் விட்டிருக்கிறதா கட்டி எத்தனை வருஷம் என்று விசாரித்து, அதே பக்கத்தில் சமீபத்தில் விற்ற மூன்று வீட்டோடு ஒப்பிட்டு மதிப்புப் போடுவார்கள். முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரையில் ஏலத்தில் நாங்கள் வேறென்ன செய்கிறோம், செவுளைத் தூக்கிப் பார்த்து, பக்கத்துப் படகில் இப்போதுதான் போன குவியலைப் பார்த்துத்தானே விலை கேட்கிறோம். "இதுக்கா மூணு வருசம் பாலிடெக்னிக்ல படிச்ச" என்றேன். "உன் மீனு நாளைக்கி நாறிடும், நான் சொல்ற ஊடு இன்னும் அம்பது வருசம் நின்னாவணும்" என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டேன், என் வாயை மூடவைத்தவர்கள் குறைவு.

தொண்ணூற்றேழு ஆனி மாதம் இஞ்சினியர் கிருஷ்ணசாமி ஆபீசில் சேர்ந்தாள் என்பது உனக்குத் தெரியும். பேங்கு வேலையெல்லாம் அவர் பெயரில் வரும், கையெழுத்து அவருடையது. முதல் இரண்டு வருஷம் அவரும் கூடப் போனார், அப்புறம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. வெயிலிலும் மழையிலும் சைக்கிளில் போய் அளந்ததெல்லாம் இவள்தான். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் கூட அனுப்பமாட்டார், இவள் சுவர் மூலையில் தரையோரமாக ஒரு சின்ன ஆணியை அடித்து டேப்பின் வளையத்தை அதில் மாட்டிவிட்டுத் தனியாகவே அளப்பாள். பைக்குள் எப்போதும் ஒரு பொட்டலம் ஆணி இருக்கும். இப்போது குடியிருப்பு வீடுகளுக்குத் தானே கையெழுத்துப் போட வேண்டுமானால் இந்தப் பரீட்சை பாஸாக வேண்டும், பரீட்சைக்கு உட்கார டிப்ளமாக்காரர்களுக்கு எட்டு வருஷ அனுபவம் வேண்டும், அதை மேலே இருக்கிற வேல்யுவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத்தான் ஆகஸ்டில் போய்க் கேட்டாள். நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து, செப்டம்பர் பத்தாம் தேதி திங்கட்கிழமை அந்த மனிதர் சொல்கிறார், "நீ டைப் அடிச்ச, டேப்போட மறுமுனைய புடிச்ச, அளந்தது நான்தானே. நான் எப்படிம்மா பொய் எழுதிக் குடுக்கறது". இவள் தனியாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தால் பேங்குக்காரர்கள் இவளைத் தேடி வருவார்கள் என்ற பயம், வேறொன்றும் இல்லை. பத்து வருஷம் சிரித்துச் சிரித்து வேலை வாங்கியவர். இவள் ஆபீஸ் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

புதன்கிழமை பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய் பரீட்சை வைக்கிற சங்கத்து ஆபீசில் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறாள். அங்கே இருந்த அம்மாள் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, மேலதிகாரி எழுதித் தராவிட்டால் வேறு ஒரு வழி இருக்கிறது, நீ நேரில் போய் அளந்த வீட்டுக்காரர்கள் கைப்பட எழுதித் தர வேண்டும், வருஷத்துக்கு ஐந்து வீடு, எட்டு வருஷத்துக்கு நாற்பது வீடு, ஒரு வருஷத்தில் ஒரு வீடு குறைந்தாலும் எடுத்துக்கொள்ளமாட்டோம், இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பதினாறு நாள். வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அளவு எழுதிய புத்தகமெல்லாம் இஞ்சினியர் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. "எந்த ஊட்டுல எந்தச் செவுரு எத்தினி அடின்னு கேளு சொல்றேன், ஆனா எந்த வருசம் எந்தத் தெருவு யாரு ஊடு, அது எனுக்கு எங்கம்மா ஞாபகம் இருக்கு" என்று அழுகிறாள். உன் அப்பா ஒன்றும் தோன்றாமல் வலையைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். நான் சொன்னேன், "அழுவறத நிறுத்திட்டு நோட்ட எடுடி, எனுக்கு ஞாபகம் இருக்கு".

எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும் என்று கேட்பாய், சொல்கிறேன். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து சுனாமி வரைக்கும் நாற்பத்தொரு வருஷம் இந்த ஊர் வீதிகளில் தலையில் கூடையோடு நடந்தவள் நான். எந்த வீட்டு வாசற்படியையும் தாண்டி உள்ளே போனதில்லை. யாரும் போகாதே என்று பலகை மாட்டவில்லை, அது அப்படித்தான், கூடையை இறக்கி வைக்கிற இடத்தோடு மீன்காரி இடம் முடிந்துவிடும். கதவு திறந்திருந்தால் உள்ளே ஒரு துண்டு தெரியும், ஒரு காலண்டர், ஒரு ஊஞ்சல் சங்கிலி, மாடிப்படியில் முதல் மூன்று படி. மீதிப் படி எங்கே போகிறது என்று எத்தனையோ வருஷமாக எனக்குத் தெரியாமலே இருந்தது. இவள் அந்த வீடுகளுக்குள்ளே டேப்போடு போக ஆரம்பித்ததும் நான் விடுவேனா. சாயங்காலம் சைக்கிளை நிறுத்துகிறபோதே கேட்பேன், இன்றைக்கு யார் வீடு, நுழைந்ததும் என்ன, அந்தப் படி ஏறினால் எங்கே கொண்டுபோய் விடுகிறது, பூஜை அறை எந்தப் பக்கம், சமையலறையில் வெளிச்சம் இருக்கிறதா. அவளும் கைகால் கழுவிக்கொண்டே அலுக்காமல் சொல்வாள். அப்படிக் கேட்டுக் கேட்டு அத்தனை வீட்டுக்குள்ளும் நான் நடந்திருக்கிறேன். நடந்த வீடு மறக்குமா.

மறுநாள் காலையில் உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் பெயர் எனக்கும் தெரியாது, எனக்கு வீடு என்றால் மீன்தான், அப்படியே அவளிடம் சொல்லிக்கொண்டே போனேன். காரப்பொடி மீன் வாங்குகிற வீடு, பெரிய வீடு, மூன்று பெண்கள், நடுவில் முற்றம், நீ அளந்தது புயல் வந்து மரமெல்லாம் விழுந்ததே அந்த வருஷம் கார்த்திகை. தலை மட்டும் கேட்கிற வீடு, அளந்தது அதற்கு முந்தின ஆடி. குருசுக்குப்பத்துச் சொல்தா தாத்தா, பிரான்சுப் பட்டாளத்து பென்ஷன் வந்த அன்றைக்கு மட்டும் வஞ்சிரம், மற்ற நாளில் மத்தி, அவர் வீட்டுப் பத்திரம் பிரெஞ்சில் இருந்ததால் அவரையே படிக்கச் சொல்லி நீ எழுதிக்கொண்டாயே, அது ஆகாஷ் பிறந்து தந்தி வந்த வாரம். அப்புறம் மீனே வாங்காத வீடுகள் ஒன்பது, மீன் வாங்காததாலேயே எனக்கு மறக்கவில்லை. பகல் இரண்டு மணிக்குள் அறுபத்திரண்டு வீடு, வருஷத்தோடு, வீதியோடு. சுமலதா எழுதிக்கொண்டே இருந்தவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். உன் அப்பா சும்மா இருப்பாரா, "கல்யாணத்தன்னிக்கி எங்கம்மா போட்ட சோத்துல உப்பு கம்மின்னு இன்னிக்கி வரைக்கும் சொல்றவளாச்சே, இதுவா மறக்கும்" என்றார். கம்மிதான், அதில் என்ன பொய்.

அப்புறம் நடை. முட்டியில் எண்ணெய் தடவிக்கொண்டு நானும் கிளம்பிவிட்டேன், வீடு காட்ட வேண்டுமே. கூடை இல்லாமல் அந்த வீதிகளில் நடந்தது அதுதான் முதல் தடவை, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நடுவிலே புரட்டாசி பிறந்துவிட்டது. ஒரு வீட்டில் கதவைத் திறக்கும்போதே "ஐயோ ஆயா, புரட்டாசியில மீனோட வந்துட்டியா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், கூடை இல்லை மூக்கை விடு என்றேன். தலை மட்டும் வாங்குகிற வீட்டு அம்மாள், "இவ்ளோ வருசம் கழிச்சி வந்திருக்க, ஒரு சீலா மீனாச்சும் கொண்டாரக் கூடாதா" என்று கேட்டாள். கையெழுத்து வாங்க வந்தேன் என்று சொல்லி, டேப்போடு வந்து அளந்தாளே ஒரு பெண், அவளுக்காக என்றால், எல்லா வீட்டிலும் உடனே ஞாபகம் வந்துவிட்டது, ஆணி அடித்த பொண்ணுதானே, தங்கமான பொண்ணு என்றார்கள். உனக்கு அவள் என்ன வேண்டும் என்று கேட்டார்கள் கண்ணா, எல்லா வீட்டிலும் கேட்டார்கள். ஒரு வீட்டிலும் தெரியவில்லை. அது என் தவறுதான். வேலைக்குப் போன முதல் நாள் நான்தான் அவளிடம், எந்த வீட்டிலும் என் பெண் என்று சொல்லாதே, சொன்னால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லி அனுப்பினேன். பத்து வருஷம் அந்த வார்த்தையை அவள் காப்பாற்றியிருக்கிறாள். சில வீட்டில் நான் வாசலில் எடைபோட்டுக்கொண்டிருந்த நாளிலேயே உள்ளே அவள் அளந்துகொண்டு இருந்திருக்கிறாள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தும் பாராமல். இந்தப் பதினாறு நாளும் அதற்கெல்லாம் சேர்த்து வாய் நிறையச் சொன்னேன், என் பொண்ணு, நான் பெத்த பொண்ணு என்று. சொல்தா தாத்தா எழுந்து நின்று அவளுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு, பிரெஞ்சில் ஒரு கடிதமும் தமிழில் ஒரு கடிதமுமாகக் கொடுத்தார்.

எல்லோரும் கொடுத்துவிடவில்லை. ஒருவர் வீட்டு வரி ஏற்றிவிடுவார்கள் என்று பயந்து மாட்டேன் என்றார். ஒருவர் கடன் வாங்கியது சம்பந்திக்குத் தெரிந்துவிடும் என்றார். சில வீடு கைமாறிவிட்டது, சில வீட்டில் ஆள் இல்லை. இருபத்தாறாம் தேதி புதன்கிழமை எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்பது. எல்லா வருஷமும் சரியாக இருக்கிறது, இரண்டாயிரத்து மூன்றுக்கு மட்டும் நாலுதான். அந்த வருஷத்தில் மிச்சம் இருப்பது ஒரே வீடு. அது எந்த வீடு என்று இரண்டு பேருக்கும் தெரியும். மணியம்மாள் வீடு.

உனக்கு இதை நான் சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் நீயும் அதில் இருக்கிறாய். எழுபத்துமூன்று, அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த மறுநாள், நீ வயிற்றில் எட்டு மாதம். முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கிற வீதியில் அவள் வீடு. வெயில் தாங்காமல் அவள் வீட்டு மேல்படியில் உட்கார்ந்து, அக்கா கொஞ்சம் தண்ணி என்று கேட்டேன். உள்ளே போனவள் வாளியோடு வந்தாள். "எந்திரி, படியில கவுச்சி ஒட்டிக்கும்" என்று சொல்லி, நான் எழுந்து முடிக்கும் முன்னால் அவ்வளவு தண்ணீரையும் படியில் ஊற்றிக் கழுவினாள், என் புடவை முட்டி வரைக்கும் நனைந்தது. படிக்குக் கிடைத்த தண்ணீர் எனக்குக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீதியில் நான் கால் வைக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் சுமையோடு சுற்றிக்கொண்டு அடுத்த வீதியில் போனேன், கூடையைக் கீழே வைத்த பிறகும் போகவில்லை.

சுமலதா தான் போய்க் கேட்பதாகச் சொல்லி வியாழக்கிழமை காலை ஏழரைக்கே போனாள். எட்டு மணிக்கு வெறுங்கையோடு திரும்பி வந்தாள். யாரோ போய் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள், டேப் பொண்ணு அங்கம்மா பொண்ணாம் என்று. "உங்கம்மாவ வரச் சொல்லு, அவ வந்து கேட்டா போடறேன்" என்று மணியம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். "நீ போவ வேணாம்மா, அடுத்த வருசம் எழுதிக்கறேன்" என்று இவள் சொல்கிறாள். மறுநாள் கடைசி நாள். நான் நல்ல புடவையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டேன், போன வருஷம் மருமகள் அனுப்பிய அந்த நீலப் புடவை.

நானும் சுமலதாவும் போனபோது மணியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, உடம்பு பாதியாகிவிட்டது. "வந்துட்டியா அங்கம்மா, இந்தத் தெருவு இருக்கிறது இப்பதான் கண்ணுக்குத் தெரிஞ்சிதா" என்றாள். "தெருவு அப்படியேதான் இருக்கு, நீதான் கரைஞ்சி போயிட்ட" என்றேன். "கரையாம இன்னா பண்றது. என் தம்பி நிச்சயத்துக்கு நீ குடுத்தியே சங்கரா மீனு, சம்பந்திங்க வாயில வெச்சிட்டு அப்படியே எழுந்திரிச்சாங்க, அன்னிக்கே பாதி கரைஞ்சிட்டேன்" என்கிறாள். பார்த்தாயா, அவளும் வைத்திருக்கிறாள். அந்த வருஷம் தை மாதத்து மீனை அக்னி வரைக்கும் மனதில் வைத்திருந்துதான் படியைக் கழுவியிருக்கிறாள், இது எனக்கு இத்தனை நாள் தெரியாது. "காலையில ஏழு மணிக்குக் குடுத்தேன், நீ மத்தியானம் ரெண்டு மணிக்குக் கொழம்பு வெச்ச. அது வரைக்கும் வெளிய வெச்சா மீனா கெடும், சம்பந்தமே கெடும்" என்றேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சுமலதா என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள்.

அப்போது மணியம்மாள் ஒரு கேள்வி கேட்டாள். "உன் பொண்ணுதான் அளந்துதுன்னு இன்னா ருசு. அவ சொல்ல வேணாம், நீ சொல்லு பாப்பம். இந்தப் படிக்கு அந்தாண்ட நீ ஒரு அடி வெச்சதில்ல, என் ஊட்டுக்குள்ள இன்னா இருக்கு சொல்லு" என்றாள். நான் அந்தப் படிக்குக் கீழே நின்றபடியே சொன்னேன். நுழைந்ததும் பதினாலு அடிக்குப் பதினொன்று கூடம், சிவப்புத் தரை, இடது பக்கம் இரண்டாவது சன்னலுக்குக் கொக்கி இல்லை, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறாய். மாடிப்படி பதினேழு, பத்தாவது படி மூலை உடைந்திருக்கிறது, ஏறினால் மொட்டைமாடிக்குப் போகாது, உன் மாமனார் பெட்டி வைத்திருந்த தாழ்ந்த அறைக்குப் போகும், அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது. சமையலறைக்குப் பின்னால் ஒரு அறை, அதற்கடியில் பழைய கிணற்றைத் தூர்த்திருக்கிறீர்கள், அதனால் தரை ஒரு பக்கமாக இறங்கி, பூஜை அலமாரிக்குப் பின்னால் விரிசல், அலமாரியை நகர்த்தினால்தான் தெரியும், ஒரு விரல் போகும். கூடத்து மூலையில் தரையோரம் ஒரு ஆணி இருக்கும், போய்ப் பார். மணியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "அந்த ஆணி இன்னும் இருக்கு, என் புடவைய மூணு தடவ கிழிச்சிது" என்றாள். அப்புறம் சுமலதாவைப் பார்த்து, "விரிசல பாத்து அந்த ரூம்புல யாரும் படுக்காதீங்க, அஸ்திவாரத்த கட்டுங்கன்னு சொன்னது நீதானே. கட்டும்போது மேஸ்திரி சொன்னான், இன்னும் ஒரு மழை பேஞ்சிருந்தா இறங்கியிருக்கும்னு. அதுல படுத்துக் கெடந்தது நான்தான்" என்றாள்.

கையெழுத்துப் போட்டாள். போட்டதோடு நிற்காமல், நாங்கள் கேட்காமலே கீழே தன் கையால் ஒரு வரி எழுதினாள், எந்த இஞ்சினியரும் என் வீட்டுப் படி ஏறவில்லை, வந்தது இந்தப் பெண் மட்டும்தான் என்று. காகிதத்தை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்ட பிறகு, அவளைப் பார்த்துச் சொன்னேன், அக்கா, கொஞ்சம் தண்ணி குடு. அவளுக்குப் புரிந்தது. சொம்பில் கொண்டுவந்தாள். நான் அந்த மேல்படியில், அதே இடத்தில், சாவகாசமாக உட்கார்ந்து முழுச் சொம்பையும் குடித்தேன். உள்ளே வாயேன் அங்கம்மா என்றாள். "எதுக்கு, பாத்த ஊடுதானே" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சமாதானமாகிவிட்டாள் அம்மா என்று மருமகளிடம் சொல்லி வைக்காதே, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. சங்கராவைப் பற்றி அவள் நாலு பேர் முன்னால் சொன்னதை இருபத்தேழு-ஒன்பது-இரண்டாயிரத்து ஏழு என்று தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே நாற்பதையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். அந்த ஆபீஸ் அம்மாள் ஒவ்வொன்றாகப் படித்து, மணியம்மாள் எழுதிய வரியை இரண்டு தடவை படித்தார்களாம். இதோ இப்போது அனுமதி வந்தாகிவிட்டது. நேற்று லட்டு வாங்கிக்கொண்டு நானே இஞ்சினியர் கிருஷ்ணசாமி ஆபீசுக்குப் போனேன். பேங்குக்காரர் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், நல்லதாகப் போயிற்று. "ஐயா எடுத்துக்கங்க, உங்க ஆபீசுல டைப் அடிச்ச பொண்ணு வேல்யுவர் பரீட்சை எழுதப் போவுது" என்றேன். அவர் முகம் போன போக்கை நீ பார்க்க வேண்டும். "அளவுப் புத்தகமெல்லாம் என்கிட்டதானே இருக்கு, எப்படிம்மா வீடெல்லாம் கண்டுபுடிச்சீங்க" என்று கேட்டார். இன்னொரு லட்டு எடுத்துக்கங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். பேங்குக்காரர் ஒருவர் வெளியே வந்து சுமலதா போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமை ஆயுத பூஜை. உன் அப்பா வலை ஊசியையும் என் பழைய தராசையும் வைக்கிற இடத்தில் இந்த வருஷம் அவள் டேப்பும் அந்த ஆணிப் பொட்டலமும் இருக்கும், சந்தனம் நான்தான் வைப்பேன். அந்த வரனைப் பற்றி இனிமேல் போனில் எடுக்காதே, வேலையை விடச் சொல்லாத வரன் வந்தால் அவளே சொல்வாள், அவள் வாய் நீளம் உனக்குத் தெரியும். மருமகளிடம் அந்த நீலப் புடவை ராசியானது என்று சொல். ஆகாஷைக் காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் அனுப்பாதீர்கள், போன தடவை வந்தபோது பிள்ளை தோள்பட்டை எலும்பு தெரிந்தது, அதையும் மறக்கவில்லை. டிசம்பர் எட்டாம் தேதி சனிக்கிழமை எனக்குப் பண்ணாதே, தங்கைக்குப் போன் பண்ணு. நல்லா எழுதும்மா என்று ஒரு வார்த்தை உன் வாயால் சொல். அந்த மாட்டுப்பொங்கல் பேச்சு அவள் காதிலும் விழுந்தது, அவள் என்னை மாதிரி வெளியே சொல்லமாட்டாள்.

கடைசியாக ஒன்று. நீ அங்கே வீடு வாங்கிக் குடிபோய் வருகிற தையோடு ஆறு வருஷம் ஆகிறது. பனியில் வாசலில் நின்று மூன்று பேரும் எடுத்துக்கொண்ட போட்டோவை அனுப்பினாய், அது இங்கே சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளே ஒரு படிக்கட்டு தெரிகிறது, மூன்று படி. இந்த ஊரில் இத்தனை பேர் வீட்டுக்குள்ளே எது எங்கே இருக்கிறது என்று சொல்கிற எனக்கு, நான் பெத்த பிள்ளை வீட்டில் அந்தப் படி எங்கே போகிறது என்று தெரியவில்லை. பணம் அனுப்ப வேண்டாம், துணி அனுப்ப வேண்டாம். உட்கார்ந்து எழுது கண்ணா, நுழைந்ததும் என்ன, சமையலறையில் வெளிச்சம் இருக்கிறதா, ஆகாஷ் எந்தச் சன்னலோரம் படிக்கிறான், நீ வேலை முடிந்து வந்து எந்த இடத்தில் உட்காருவாய். சுமலதாவைக் கேட்டால் எப்படி எழுதுவது என்று சொல்வாள். நான் மறக்கமாட்டேன்.

மூன்று பேரும் தீர்க்காயுசாக, பசி நோவு இல்லாமல், சொன்ன சொல் தவறாமல் இருங்கள். ஆகாஷுக்கு ஆயாவின் முத்தம் இரண்டு, ஒன்று தாத்தா கொடுக்கச் சொன்னது.

உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்து நிற்கும்
உன் அம்மா
அங்கம்மாள்